வாளிச் சத்தத்துக்கு வந்தவை

முதலைகள் வெளியே வந்துவிட்டன என்று எனக்குச் சொன்னவள் பிள்ளை பெற்று ஐந்து நாளான ஒரு பெண். குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்துவிட்டதா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பாயில் படுத்தபடி, "மிசி, வரேக்கை குளக்கட்டாலையே வந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓம். ஏன்?"

"சேவையர் ஐயா வீட்டுத் தொட்டி இடிஞ்சு போச்சாம். மூண்டும் போயிட்டுதாம்."

"எங்கை?"

"வேறை எங்கை? நீங்கள் வந்த வழியிலைதான்."

அது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மாரி. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில், சாவகச்சேரிச் சந்தையிலிருந்து சைக்கிளில் அரை மணி தூரத்தில் இருந்த ஒரு கிராமத்துக்கு நான் அரசாங்க மருத்துவிச்சி, ஊருக்கு மிசி. முப்பத்திரண்டு வயது. மின்சாரம் நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. குண்டு போட பொம்பர் வந்தால் எந்த மரத்துக்குக் கீழே ஓடுவது என்று நடை பழகிய பிள்ளைக்கும் தெரிந்திருந்த காலம். நாங்கள் எல்லோரும் மேலே பார்த்துப் பார்த்தே நடந்துகொண்டிருந்தோம்.

அந்த முதலைகளை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. குளத்திலிருந்து இரண்டு வயல் தள்ளி ஒரு தென்னங்காணி இருந்தது. அதன் சொந்தக்காரர் நில அளவையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் சேவையர் ஐயா. அவருக்குக் கடல்நீரேரிக்கு அப்பால் வன்னியில் வயல் இருந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் மலையகத்திலிருந்து உயிர் தப்பி வந்த ஒரு புருஷனையும் பெண்சாதியையும் அந்த வயலில் வேலைக்கு வைத்தார். அடுத்த வருஷம் அங்கே வாய்க்கால் திருத்தியபோது மூன்று முதலைக் குஞ்சுகள் அகப்பட்டன. முழங்கை நீளம்கூட இல்லை. அவற்றை ஒரு மரப்பெட்டியில் வைத்து, அந்த இரண்டு பேரையும் பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தி, ஒரே லொறியில் ஊருக்குக் கொண்டுவந்தார். முதலைகளுக்குச் சீமெந்துத் தொட்டி. அவர்களுக்குத் தொட்டியோடு ஒட்டி ஒரு கொட்டில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் முதலை பார்ப்பார்கள். நானும் போயிருக்கிறேன். தொண்ணூறில் சண்டை மூண்டதும் சேவையர் ஐயா கொழும்புக்குப் போனார். அங்கிருந்து மகளிடம் வெளிநாட்டுக்கு. போகும்போது, "நான் வருமட்டும் இதுகளைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாராம். தொட்டியைப் பார்க்கும் வரைதான் கொட்டிலும் அவர்களுக்கு. முதலைகள் அதற்குள் ஒரு ஆள் நீளத்துக்கு வளர்ந்திருந்தன. பக்கத்துக் காணியில் குண்டு விழுந்தபோது தொட்டிச் சுவரில் ஒரு வெடிப்பு ஓடியது. புருஷன் களிமண்ணால் பூசி வைத்தான். அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் ஒரு பக்கச் சுவர் முழுவதும் படுத்துவிட்டது.

முதல் இரண்டு நாளும் அது ஊருக்கு வேடிக்கை. குளக்கட்டில் குடை பிடித்துக்கொண்டு திருவிழா போல ஆட்கள் நின்றார்கள். "உவன் கடனுக்கு ஒளிச்சுத் திரிஞ்ச மாதிரி முதலையும் ஒளிச்சிட்டுது" என்று ஒருவரை ஒருவர் கிண்டலடித்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. மழையில் குளம் வயலோடு சேர்ந்து ஒரே வெள்ளமாகக் கிடந்தது.

மூன்றாம் நாள் மழை விட்டது. வெள்ளம் இறங்கிய சேற்றில் தடம் இருந்தது. இரண்டு பக்கமும் கால் பதிந்த அடையாளம், நடுவில் கயிறு இழுத்தது போல ஒரு கோடு. கோயிலுக்குப் பின்னால் ஒன்று. பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் ஒன்று. ஒரு வீட்டு வேலியில் நாய் நுழையும் பொட்டுக்குள்ளால் போய், முற்றத்தைச் சுற்றி, அதே பொட்டால் திரும்பி வந்த ஒன்று. அந்த வீட்டில் எல்லோரும் உள்ளேதான் படுத்திருந்தார்கள். அந்தத் தடத்தை ஒருவரும் மிதிக்கவில்லை, அழிக்கவும் இல்லை. வெயிலில் காய்ந்து அது அடுத்த மழை வரும் வரை அப்படியே முற்றத்தில் கிடந்தது.

அதன் பிறகு சிரிப்பு நின்றது. தோய்க்கப் போகிறவர்கள் குளத்துக்குப் போகவில்லை. மாடுகளைக் குளிப்பாட்டவில்லை. கோயிலுக்கு அந்தக் குளத்து அல்லிப்பூதான் போகும். பறிக்க ஆளில்லாமல் அது தண்ணீர் தெரியாமல் பூத்தது. அவ்வளவு பூவை அந்தக் குளத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த வழியால் போகும்போது பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தால் பூக்களுக்கு இடையில் எங்கே அசைகிறது என்றுதான் கண் தேடும்.

சாவகச்சேரிச் சந்தைக் கதையில் மூன்று முதலை பன்னிரண்டு ஆயிற்று. ஹெலியிலிருந்து ஆமி கொண்டுவந்து போட்டது என்று ஒரு கதை. ஊரில் நின்ற ஆயுதம் வைத்திருந்த பெடியளிடம் கிராம அதிகாரியான விதானையார் போய்ச் சுடச் சொல்லிக் கேட்டார். "முதலைக்கு ரவை செலவழிக்க ஏலாது, ஐயா" என்று அனுப்பிவிட்டார்கள்.

பிறகு ஒரு குழந்தையை முதலை கொண்டுபோய்விட்டது என்றார்கள். பக்கத்துக் கிராமத்தில், பத்து மாதப் பிள்ளை, கிணற்றடியில் கிடத்தியிருந்ததாம். அந்தக் கிராமமும் என் பொறுப்பில்தான் இருந்தது. அங்கே பத்து மாதப் பிள்ளைகள் நாலு பேர். சைக்கிளை எடுத்துக்கொண்டு நாலு வீட்டுக்கும் போனேன். நாலும் இருந்தன. கடைசி வீட்டுத் தாய் என்னைக் கண்டதும், "மிசி, உங்கடை ஊரிலை ஒரு பிள்ளையை முதலை கொண்டு போட்டுதாமே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப அது அங்காலைத்த ஊராக்கும்" என்றாள். அங்காலைத்த ஊரிலும் போய்க் கேட்டேன். அவர்கள் எங்கள் ஊரைக் காட்டினார்கள்.

ஒரு பிள்ளையும் குறையவில்லை என்று எனக்குத் தெரியும். கொப்பியில் பெயர் பெயராக இருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பிள்ளையைக் கண்ணால் காண வேண்டும் என்று ஆகிவிட்டது. தொட்டிலில் அசைவில்லாமல் துணி கிடந்தால் விலக்கிப் பார்ப்பேன்.

குளத்துக்கு அந்தப் பக்கம் நாலைந்து வீடுகள். அதில் ஒருத்திக்கு எட்டாம் மாதம், இரத்த அழுத்தம் அதிகம். கிழமைக்கு இரண்டு தரம் நான் போக வேண்டும். சுற்றிப் போனால் மூன்று மைல், குளக்கட்டால் போனால் பத்து நிமிஷம். ஒருநாள் அங்கே சுணங்கிவிட்டது. பொழுதுபடும் நேரம், சுற்றிப் போக மனமில்லாமல் குளக்கட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். பாதி வழியில், வலது பக்கம், கட்டின் அடியில் தண்ணீர் மெல்ல விலகும் சத்தம் கேட்டது. தவளையாக இருக்கும் என்று நடந்தேன். சத்தமும் வந்தது. நின்றேன். நின்றது. சைக்கிள் சில்லின் சத்தம்தான் தண்ணீரில் பட்டுத் திரும்புகிறதோ என்று சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பத்து அடி நடந்து பார்த்தேன். அது என் கூடவே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினால் துரத்தும் என்று ஏன் நினைத்தேனோ தெரியாது, அதே நடையில் கட்டு முடியும் வரைக்கும் நடந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்த உள்ளங்கை இரண்டிலும் நகம் பதிந்திருந்தது. ஒருவருக்கும் நான் அதைச் சொல்லவில்லை. மருத்துவிச்சி பயந்துவிட்டாள் என்று ஊர் கதைத்தால் தாய்மார் கிளினிக்குக்கு வரமாட்டார்கள்.

அடுத்த கிழமை ஒரு ஆடு போயிற்று. வயல் வரம்பில் கட்டியிருந்த இடத்தில் கட்டையும் பாதிக் கயிறும் நனைந்து கிடந்தன. அன்று பின்னேரம் ஆட்கள் கோயில் வீதியில் கூடினார்கள். அதுவரை முதலைகளைப் பற்றிக் கதைத்தவர்கள் அன்று அந்தப் புருஷன் பெண்சாதியைப் பற்றிக் கதைத்தார்கள். வேணுமென்று திறந்துவிட்டார்கள் என்றார் ஒருவர். வந்த இடத்தில் வந்த மாதிரி இருக்கத் தெரியாதவர்கள் என்றார் இன்னொருவர். புருஷன் கூட்டத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவன் பெண்சாதியை எனக்கு நன்றாகத் தெரியும். ஒருதரம் தீன் போடும்போது முதலை ஒன்று முன்னங்கையில் பல் பதித்துவிட்டது. இரண்டு மாதம் நான்தான் மருந்து கட்டினேன். "நீ பிள்ளை மாதிரி வளர்த்தது, பார் என்ன செய்ததெண்டு" என்று அப்போது விளையாட்டாகச் சொன்னேன். "புள்ளையெல்லாம் இல்லீங்க மிசி. முதலை முதலைதான்" என்றாள். "பசிச்சா வரும். என் சத்தம் அதுகளுக்குத் தெரியும், அவ்வளவுதான்."

அந்தச் சத்தத்தைத்தான் நான் விதானையாரிடம் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொன்னேன். தீன் போடும்போது வாளியில் அகப்பையால் மூன்று தட்டு தட்டுவாள், அந்தச் சத்தத்துக்கு முதலைகள் வரும் என்று.

விதானையார் என் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்களே அவவோடை கதையுங்கோ, மிசி. உங்கடை சொல்லைக் கேப்பா. பிடிச்சுக் கட்டி, லொறி ஒண்டு பாத்து, வன்னிக் குளத்திலை கொண்டுபோய் விடுவம் எண்டு சொல்லுங்கோ."

லொறி ஓட டீசல் இல்லாத காலம் அது. ஊரில் ஒருவரும் மாதக்கணக்கில் லொறியைக் கண்டதில்லை. விதானையாருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். நான் போய்ச் சொன்னேன்.

அவள் கொட்டில் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "கொல்ல மாட்டாங்களே?" என்று கேட்டாள்.

"வன்னிக்குக் கொண்டுபோறதெண்டுதான் விதானையார் சொல்லுறார்."

"நீங்க சொல்றீங்களா?"

"ஓம்" என்றேன்.

அவள் சுளகைக் கீழே வைத்தாள். "அய்யா வந்து கேட்டா என்ன சொல்றது" என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு சம்மதித்தாள்.

குருநகரிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவந்து விற்கிறவர் ஒருவர் இருந்தார். முதலைகளுக்கு மீன் தலைகள் கொடுத்து வந்தவரும் அவர்தான். அவரிடம் தடித்த வலை ஒன்று கேட்டார்கள். கொண்டுவந்தார். மறுநாள் மத்தியானம், நல்ல வெயிலில், ஊர் முழுவதும் குளக்கட்டில் நின்றது. இருபது முப்பது ஆண்கள் தாழை மரங்களுக்குப் பின்னால் பதுங்கி இருந்தார்கள். நான் அவர்களைக் கடந்துதான் போனேன். அலவாங்கு, கோடரி, மண்வெட்டி. கயிறு வைத்திருந்தவர் ஒரே ஒருவர்.

அவள் தண்ணீர்க் கரையில் முழங்கால் அளவு சேற்றில் நின்று வாளியைத் தட்டினாள். மூன்று தட்டு. பிறகு நின்றாள். அவ்வளவு பேர் நின்றும் ஒரு பிள்ளை இருமிய சத்தம்கூடக் கேட்கவில்லை. மறுபடி மூன்று தட்டு. ஒன்றும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "உது வராது" என்று எனக்குப் பின்னால் ஒருவர் மெல்லச் சொன்னார். வரக்கூடாது என்று நான் அப்போது நினைத்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நானும் எல்லோரையும் போல வரவேண்டும் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலாவது தரம் தட்டியபோது நடுக்குளத்தில் அல்லிப் பூக்கள் விலகின. காற்று இல்லை. பூக்கள் இரண்டு வரிசையாக ஒதுங்கி, ஒதுங்கிய இடம் மெல்லக் கரையை நோக்கி வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை. இரண்டும் அவள் காலடியில் வந்து நின்று, தலையைத் தூக்கி, வாயைத் திறந்தபடி இருந்தன. பட்டிக்கு வந்த மாடுகள் போல. அவள் ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் ஒரு மீன் தலையைப் போட்டாள். போட்டுவிட்டு, மெல்லப் பின்னால் நடந்தாள். அவை அவளைத் தொடர்ந்து கரையில் ஏறின.

வலை விழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் முழுக்கப் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. முதலைகளின் சத்தம் இல்லை, ஆட்களின் சத்தம். நினைத்த அளவு நேரம் எடுக்கவில்லை. அவள் வாளியோடு கரையில் நின்ற இடத்திலேயே நின்றாள். குருநகர் மனிதர் சிலுவைக் குறி போட்டுவிட்டு, வலையைக்கூடக் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டினதும் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். கூழாங்கற்கள் இருந்தன. ஒரு சோடா மூடி, சைக்கிள் ரியூப் துண்டு ஒன்று, அன்று போட்ட மீன் தலைகள். ஆட்டின் எலும்பு ஒன்றும் இல்லை. பிள்ளையின் அரைஞாணோ காப்போ இருக்கும் என்று எதிர்பார்த்து நெருங்கி வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு விலகினார்கள். அவர்கள் முகத்தில் இருந்தது ஆறுதல் இல்லை. "அப்ப மற்றதுதான் ஆட்டைத் திண்டது" என்றார் ஆட்டுக்காரர்.

விதானையார் அவளிடம் போய், "மற்றதையும் கூப்பிடு, பிள்ளை" என்றார்.

"வராதுங்க" என்றாள். "அது அப்பவே வந்திருச்சு. அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு."

எல்லோரும் அக்கரையைப் பார்த்தார்கள். பூக்கள்தான் தெரிந்தன. பிறகு மெல்ல மெல்லக் கட்டைவிட்டு இறங்கி வீட்டுக்குப் போனார்கள். ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் கடைசி ஆளாக வரவும் விரும்பவில்லை.

செத்தவற்றைத் தென்னங்காணியில் புதைக்கப் போனபோது பற்கள் இல்லை. அடுத்த கிளினிக்கில் பிள்ளைகளை நிறுக்கும்போது மூன்று பிள்ளைகளின் அரையில் கறுத்த நூலில் முதலைப்பல் தொங்கியது. தாய்மார் சட்டையை இழுத்து மறைத்தார்கள். நான் காணாதது போல எடையை எழுதினேன்.

நாலு நாள் கழித்து அவள் என் வீட்டுப் படலையில் வந்து நின்றாள். கையில் ஒரு பை. புருஷன் ஒழுங்கையில் தள்ளி நின்றான். கிளாலிக்குப் போய் வள்ளத்தில் வன்னிக்குக் கடக்கப் போகிறார்கள் என்றாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"உங்களுக்குத் தெரியும்ல, மிசி?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நேரம் என்ன என்று கேட்பது போலக் கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

அவள் பையை மற்றக் கைக்கு மாற்றினாள். "சரிங்க" என்றாள். போய்விட்டார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு ஒரு தகவலும் எனக்குக் கிடைக்கவில்லை. வன்னியிலிருந்து வந்த எத்தனையோ பேரிடம் விசாரித்திருக்கிறேன். பெயர் சொல்லி, கையில் பல் பட்ட தழும்பு இருக்கும் என்றும் சொல்லி.

மூன்றாவது முதலையை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. கண்டதாகச் சொன்னவர்கள் பலர். நாலு வருஷம் அந்தக் குளத்தில் ஒரு கால் நனையவில்லை. குளக்கட்டில் நடந்த பாதையைப் புல் மூடிவிட்டது. பிள்ளைகள் அங்கே ஓடிப் பிடித்து விளையாடுவதில்லை. விளையாட வேண்டாம் என்று யாரும் சொல்லவும் தேவைப்படவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி முன்னேறி வர, யாழ்ப்பாண நகரத்தோடு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தது. ஒரே இரவில், கொட்டும் மழையில், நடந்து வந்தார்கள். விடிந்து பார்த்தால் பள்ளிக்கூடம், கோயில், மரத்தடி, வயல் வரம்பு, எங்கும் ஆட்கள். குளக்கட்டிலும் சேலையும் தறப்பாளும் கட்டிக் குடியேறிவிட்டார்கள். எங்கள் ஊர் ஆட்கள் போய் முதலைக் கதையைச் சொன்னார்கள். வலிகாமத்துத் திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு பெரியவர் கேட்டுவிட்டு, "அது ஆரையும் கடிச்சதோ?" என்றார். இல்லை என்றார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினார். அவருக்குப் பின்னால் நூறு பேர். நாங்கள் கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு நாளில் அல்லிக்கொடி ஒன்றும் இல்லை. தண்ணீர் தேத்தண்ணி நிறமாயிற்று. ஒன்றும் வெளியே வரவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தாள். ஆறாம் மாதம், கூட மூன்று பிள்ளைகள். புருஷன் வழியில் கூட்டத்தில் தவறிவிட்டான், தேடிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் போனபோது தறப்பாளுக்குள் ஆளில்லை. தாழை மரங்களுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். கட்டின் சரிவில், தண்ணீர் எட்டாத உயரத்தில், ஒரு துவாரம் இருந்தது. ஒரு ஆள் குனிந்து போகலாம்.

"மிசி, இந்த ஊரிலை ஆரோ நல்ல பங்கர் வெட்டி வைச்சிருக்கினம்" என்றாள். "நேற்று பொம்பர் வரேக்கை பிள்ளையளோடை இதுக்குள்ளைதான் இருந்தனான்."

நான் குனிந்து உள்ளே தலையை நீட்டினேன். துவாரம் கொஞ்ச தூரம் மேல்நோக்கிப் போய் அகன்றது. தரை, யாரோ மெழுகி வைத்தது போல வழவழவென்று இருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் மேலிருந்து கீழாக மூன்று மூன்று கோடுகள்.

வெளியே வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இது ஆக்கள் வெட்டினதில்லை, முதலை கிண்டினது என்று சொன்னேன். அவள் வயிற்றில் கையை வைத்தபடி கேட்டாள். கடைசியில், "இப்ப உள்ளுக்கை இல்லைத்தானே?" என்றாள்.

"இல்லை."

"திரும்பி வருமோ?"

"அது எனக்குத் தெரியாது."

அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வடக்கிலிருந்து பொம்பர் சத்தம் வந்தது. பிள்ளைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். தானும் போனாள். பிறகு கையை நீட்டி, "வாங்கோ, மிசி, இடம் கிடக்கு" என்றாள்.

நானும் போனேன். ஐந்து பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தோம். உள்ளே குளிர்ந்திருந்தது. சேற்று மணம், அதற்குள் மெல்லிதாக ஒரு பழைய மீன் மணம். எங்கோ தூரத்தில் குண்டு விழுந்து மண் அதிர்ந்தது. கடைசிப் பிள்ளை, மூன்று வயதிருக்கும், அழவில்லை. சுவரில் இருந்த அந்தக் கோடுகளுக்குள் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.